செவ்வாய், வியாழன்: சிறைக்குள் கணக்கு வகுப்பு

2 ஜூலை 2024, செவ்வாய்

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மத்தியச் சிறையில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எந்த ஊர், யார் பெயர் என்பதெல்லாம் வராது.

வாசலில் செல்போன், பர்ஸ், சாவிக்கொத்து எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பஸ்ஸுக்கு வைத்திருந்த இருபது ரூபாயையும் எடுத்து வைத்தேன். உள்ளே ரொக்கம் நடமாடக் கூடாது. ஒருவர் கையில் நோட்டு இருந்தால் அதுவே குற்றம். பணம் முழுக்கப் பி.சி.பி. கணக்கில், அதாவது கைதியின் பெயரில் சிறையில் இருக்கும் பணக் கணக்கில், எழுத்தாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து வருவதும் அதில் ஏறும், கேன்டீனில் சோப்பு வாங்கினாலும் அதில்தான் கழியும்.

அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அ, ஆ எல்லாம் வேண்டாம், கையெழுத்துப் போட மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். ஏன் என்று கேட்டேன். "கேன்டீன் சீட்டுல கைநாட்டு வெக்கிறேன் சார். மிச்சம் எவ்வளவுன்னு கேக்கவே கூச்சமா இருக்கு. கையெழுத்துப் போடுறவன் கேட்டா சொல்லுவாங்கல்ல."

அவர் பெயரில் ஐந்து எழுத்து. இன்று இரண்டு எழுத்து முடிந்தது.

4 ஜூலை, வியாழன்

சதவீதம் நடத்தினேன். பாடப்புத்தகத்தில் மாம்பழ வியாபாரி வருவார். அவரை விட்டுவிட்டு, "நாள் கூலி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்" என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் படுத்திருந்தவரும் எழுந்து உட்கார்ந்தார்.

தண்டனைக் கைதிகளுக்குத்தான் வேலையும் கூலியும். ரிமாண்டில் இருப்பவர்களை வேலை செய்யச் சொல்ல முடியாது, அதனால் அவர்களுக்குக் கூலியும் இல்லை. சிறையில் செய்யும் வேலைக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்புச் சொன்னது. சாப்பாடு, துணிமணிக்கு ஒரு பங்கு பிடித்துக்கொள்ளலாம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனவே கூலி வேறு, கைக்கு வருவது வேறு. நடுவில் இருப்பது சதவீதம். இத்தனை வருட வாத்தியார் வேலையில் இவ்வளவு கவனமாகச் சதவீதம் கேட்ட வகுப்பை நான் பார்த்ததில்லை.

முடிக்கும்போது ஒருவர் கேட்டார்: "பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு பிடிக்கிறாங்களே, அது அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேருதா சார்?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. நல அலுவலரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

9 ஜூலை, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிவாக்கில் லாக்கப். காலை ஆறு மணிக்குத்தான் திறப்பு. பன்னிரண்டு மணி நேரம். பகலில் வேலை, கூட்டம், சத்தம் என்று போய்விடும். ராத்திரிதான் பெரிது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தரையில் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவார்களாம், புளியங்கொட்டைதான் காய். சிலர் வழக்குக் கட்டையே திரும்பத் திரும்பப் படிப்பார்களாம். சிலர் நூலகப் புத்தகம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று சிறைத்துறை அரங்கு போட்டுப் புத்தகங்களைத் தானமாக வாங்கியது நினைவிருக்கும். நானும் ஒரு பை நிறையக் கொடுத்தேன். கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அட்டை கிழிந்த புத்தகம்தான் இங்கே நிறையப் பேர் படித்த புத்தகம்.

கைதியை நேரில் வந்து பார்ப்பதை இங்கே மனு பார்ப்பது என்பார்கள். மனு பார்க்க ஆள் வருகிறவர், ஆள் வராதவர் என்று உள்ளே இரண்டே சாதி. ஆள் வராதவருக்குக் கணக்கில் காசு ஏறாது. அவர் அடுத்தவர் துணியைத் துவைத்துக் கொடுப்பார். அதற்குக் கூலி ஒரு பாக்கெட் பிஸ்கட், இல்லாவிட்டால் ஊறுகாய். அந்தப் பிஸ்கட்டை அவர் சாப்பிடுவதும் இல்லை. இன்னொருவரிடம் கொடுத்து ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்வார். கடிதம் எழுதத் தெரியாததால்தானே இது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வகுப்பில் கடிதம் எழுதவும் சொல்லித்தரப் போகிறேன்.

11 ஜூலை, வியாழன்

தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு லீவு கிடைத்திருக்கிறது. வெளியே பரோல் என்கிறோமே, அதுதான். 2013-ல் உள்ளே வந்தவர், இது முதல் லீவு. சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால் முகம் வாடியிருந்தது. "இப்ப இருக்கிற நோட்டெல்லாம் எனக்குத் தெரியாது சார். கடையில நின்னு முழிப்பேன்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். 2016 நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்தது. 2023 மே மாதம் அதையும் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். ஒரு நோட்டு வந்து போன காலம் முழுக்க இவர் உள்ளேயே இருந்திருக்கிறார். டி.வி.யில் பார்த்ததோடு சரி, கையால் தொட்டதில்லை.

நோட்டை உள்ளே கொண்டுபோக முடியாது. கலர் சாக்பீஸ் இருந்தது. கரும்பலகை முழுக்க வரைந்தேன். பத்து, சாக்லேட் பழுப்பு, பின்னால் கோனார்க் சக்கரம். இருபது, பச்சை கலந்த மஞ்சள். ஐம்பது, நல்ல நீலம், ஹம்பி கல்தேர். நூறு, இளம் ஊதா. இருநூறு, அடர் மஞ்சள், சாஞ்சி ஸ்தூபி. ஐந்நூறு, கல் நிறம், செங்கோட்டை. கல்தேர் எனக்கு மாட்டுவண்டி மாதிரிதான் வந்தது, யாரும் சிரிக்கவில்லை.

தறிக்காரர் எழுந்து வந்து இருநூறு ரூபாய்ப் படத்தின் ஓரத்தில் சாணால் அளந்து பார்த்தார். "நிஜத்துல இவ்வளவு பெரிசு இல்லைல்ல சார்?" இல்லை என்று சொல்லி, என் உள்ளங்கையில் அளவு காட்டினேன்.

பத்து ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் வாங்க மாட்டேன் என்பார்கள், அது செல்லும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

18 ஜூலை, வியாழன்

நல அலுவலரைப் பார்த்தேன். பிடித்த பணம் நிதியாகச் சேர்கிறது, அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய்த்தான் கொடுக்க வேண்டும், சில வீடுகளில் வாங்கவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்றார். வகுப்பில் அப்படியே சொன்னேன். கேட்டவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "நானா இருந்தாலும் வாங்க மாட்டேன் சார்" என்றார். "ஆனா பிடிக்கட்டும்."

பெரியவருக்கு நாலு எழுத்து முடிந்தது.

6 ஆகஸ்ட், செவ்வாய்

தறிக்காரர் திரும்பி வந்துவிட்டார். வகுப்புக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

உள்ளே சம்பாதித்த பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பதினொரு வருடமாக அம்மா இரண்டு பஸ் மாறி மனு பார்க்க வந்திருக்கிறார். ஒருதடவையாவது அம்மாவுக்குத் தன் காசில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று தறியில் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாராம். ஊருக்குப் போன மறுநாள் அம்மாவோடு டவுன் பஸ்ஸில் ஏறி, "ரெண்டு டிக்கெட்" என்று இருநூறு ரூபாயை நீட்டியிருக்கிறார்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து கட்டணம் இல்லை. கண்டக்டர் அம்மாவுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். "டி.வி.யில பார்த்ததுதான் சார். அந்த நேரத்துல ஞாபகம் வரல."

சரி, உங்கள் டிக்கெட்டையாவது எடுத்தீர்களா என்று கேட்டேன்.

"இருநூறுக்குச் சில்லறை இல்லைன்னுட்டார். அம்மாதான் சுருக்குப்பையை அவிழ்த்து எனக்கும் எடுத்தாங்க."