கூத்தை நேரடியாகப் பதிதல்: லினக்ஸில் ஆர்டி (ரியல் டைம்) முன்னுரிமை கொடுத்துப் பார்த்தது

மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து விடிய விடிய நடக்கும். களரிப் பக்கத்தில் இரண்டு கோர் உள்ள பழைய லப்டொப் ஒன்று. மத்தளம், சல்லரி மைக்குகளை ஜேக் என்ற ஓடியோ சேர்வர் வழியாகப் பதிய வேண்டும், அதே மெஷினில் எஃப்எஃப்எம்பெக் என்ற புரோகிராம் வீடியோவைச் சுருக்க வேண்டும். சுருக்கம் தொடங்கியதுமே எக்ஸ்ரன் (ஓடியோ துண்டு நேரத்துக்குக் கையாளப்படவில்லை என்ற எச்சரிக்கை) வரிகள் குவிகின்றன. ஆட்டம் வேகம் பிடிக்கும் இடத்தில் மத்தள அடியொன்று 'டிக்' என்று அறுந்து கேட்கும்.

48,000 ஹேர்ட்ஸில் 128 பிரேம் (ஒலி மாதிரி) பஃபர் என்றால் கையில் இருப்பது 2.7 மில்லி செக்கன். அதற்குள் ஜேக்குக்கு சிபியூ கிடைக்காவிட்டால் அந்தத் துண்டு போனதுதான். யூஎஸ்பி ஓடியோ பெட்டிக்குப் பீரியட்டை (பஃபர் துண்டுகளின் எண்ணிக்கை) 3 ஆக வைப்பது நல்லது.

முதலில் எஃப்எஃப்எம்பெக்குக்கு நைஸ் 10 (இந்த எண் கூடினால் முன்னுரிமை குறையும்). எக்ஸ்ரன் குறைந்தது, நிற்கவில்லை. நைஸ் மாற்றுவது சிபியூவின் பங்கை மட்டுமே: 0 இன் எடை 1024, 10 இன் எடை 110. ஜேக் உரிய நேரத்துக்கு எழும்பும் என்பதற்கு அதில் உறுதி இல்லை. கவனிக்க வேண்டியது, 10க்கு இறக்கியதைச் சாதாரண பயனர் மீண்டும் 0க்கு ஏற்ற முடியாது.

தேவை ஃபிஃபோ பொலிசி, அதாவது சாதாரண வேலைகளை முந்தி ஓடும் ஆர்டி முறை. ஜேக்குக்கு அதில் முன்னுரிமை 70 கேட்டால் 'அனுமதி இல்லை' என்று வரும். சுடோ போட்டு ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டுவது தவறான வழி: ஜேக் ரூட்டின் சொத்தாகிவிடும், சாதாரண பயனரின் ரெக்கோடர் அதோடு இணையாது. ஈடிசியில் செக்கியூரிட்டி, அதற்குள் லிமிட்ஸ்.டி ஃபோல்டர், அங்கே ஒரு ஃபைலில் ஓடியோ குரூப்புக்கு ஆர்டிபிரியோ (ஆர்டி முன்னுரிமையின் உச்ச எல்லை) 80, மெம்லொக் (பூட்டிவைக்கக்கூடிய மெமரி அளவு) அன்லிமிடெட் என்று இரண்டு வரி எழுதிப் பயனரை அந்தக் குரூப்பில் சேர்த்தால் போதும். மெம்லொக் ஏன்? ஜேக்கின் மெமரி டிஸ்க்குக்குப் போய்த் திரும்பினால் எந்த முன்னுரிமையும் காப்பாற்றாது.

இந்த எல்லைகள் லொகின் ஆகும்போதே விழுகின்றன. புது டெர்மினல் திறந்தால் போதாது, முழுதாக லொக் அவுட் செய்ய வேண்டும். 'யூலிமிட் -ஆர்' கட்டளை 80 காட்ட வேண்டும். 0 என்றால் எதுவும் ஏறவில்லை. சிஸ்டம்டி சேர்விஸாக (பின்னணிச் சேவையாக) ஓட்டுபவர்களுக்கு இந்த ஃபைல் உதவாது, அந்தச் சேவையின் யூனிட் ஃபைலுக்குள்ளேயே லிமிட்ஆர்டிபிரியோ எழுத வேண்டும்.

பிஎஸ் கட்டளையின் பட்டியலில் த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) வாரியாகப் பாருங்கள். ஜேக்கின் முதன்மை த்ரெட் டிஎஸ் (சாதாரண பொலிசி) என்றே இருக்கும். ஓடியோ த்ரெட்தான் எஃப்எஃப் (ஃபிஃபோ), 70 என்று மாறியிருக்கும். மாறிய பிறகு, சுருக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 128 இல் பதிவு சுத்தமாக வந்தது.

ஃபிஃபோ த்ரெட் தானாக விடும்வரை, அல்லது அதைவிட உயர்ந்தது வரும்வரை, கோரைப் பிடித்துவைத்திருக்கும். அதனால்தான் லினக்ஸின் மையமான கேர்னல், 6.12க்கு முந்தைய பதிப்புகளில், ஒவ்வொரு 10,00,000 மைக்ரோ செக்கனிலும் 9,50,000ஐ மட்டுமே ஆர்டி வேலைக்கு விடுகிறது. அங்கே அந்த எல்லையை -1 ஆக்கிவிடச் (நீக்கிவிடச்) சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். லூப்பில் மாட்டிய ஒரு புரோகிராம் நள்ளிரவில் மெஷினையே உறைய வைத்துவிடும்.

64 பிரேமில் இன்னும் எக்ஸ்ரன் வருகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது த்ரெட்ஐஆர்கியூஸ் பூட் தேர்வு. அதில் இண்டரப்ட் (வன்பொருள் சிபியூவை அழைக்கும் சைகை) த்ரெட்கள் ஃபிஃபோ 50 இல் நிற்கும், அதாவது ஜேக்குக்குக் கீழே. யூஎஸ்பி இண்டரப்டை ரூட்டாக 85க்கு ஏற்றிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும்.