நூறில் ஒரு பங்கு நொடியும் கிணற்று நீச்சலும்

வேலூர் மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு, நீச்சல் போட்டிகளில் நேரம் குறிக்கும் பொறுப்பும் அவ்வப்போது வந்து சேர்கிறது. ஒரு தடத்துக்கு மூன்று பேர் ஸ்டாப் வாட்சுடன் நிற்போம். மூன்று நேரங்களும் வேறுபட்டால் நடுவில் இருப்பதையே எடுத்துக்கொள்வோம். கண் பார்த்துக் கட்டைவிரல் அழுத்துவதற்குள் பத்தில் ஒரு பங்கு நொடி எளிதில் கழிந்துவிடுவதால், நூறில் ஒரு பங்கு என்பது எங்கள் கைக்கு எட்டாத அளவு.

அந்த அளவில்தான் இந்திய நீச்சல் வீரர் விர்தவால் காடே 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பதக்கத்தை இழந்தார். சீனாவின் யூ ஹெக்சின் 22.11 நொடிகளில் தங்கம் வென்றார். மூன்றாவதாக வந்த ஜப்பான் வீரரின் நேரம் 22.46, காடேயின் நேரம் 22.47. அன்றைய தகுதிச் சுற்றில் அவர் 22.43 நொடிகளில் நீந்தித் தேசியச் சாதனை படைத்திருந்தார் என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. அதே வேகம் இறுதிச் சுற்றிலும் வாய்த்திருந்தால் வெண்கலம் அவருடையது. 2010-இல் சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 50 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் வெண்கலம் வென்று, பின்னர் மகாராஷ்டிரத்தில் தாசில்தார் பணிக்குச் சென்று, மீண்டும் குளத்துக்குத் திரும்பியவர் அவர். அந்த நான்காம் இடத்தைப் பல பதக்கங்களுக்கு மேலாகவே நான் மதிக்கிறேன்.

அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கு நொடி என்பது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தூரம். சுவரில் பொருத்திய தொடுபலகையை விரல்நுனி அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும் என்பதால், முந்தி வந்தவரும் கையை முழுதாக நீட்டாவிட்டால் பின்தங்க நேரும்.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்துப் பாசனக் கிணறுகளில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர்கள். ஆழத்துக்கு அஞ்சாதவர்கள், மூச்சும் தோள் வலுவும் உண்டு. (அந்தக் கிணறுகள் பல கோடையில் வற்றிவிடுவது தனிக் கவலை.) ஆனால் கிணற்றில் தலையைத் தூக்கியே நீந்துவார்கள்; படிக்கல் நெருங்கியதும் அதைப் பிடிப்பதற்காக வேகத்தைத் தணிப்பார்கள். அங்கே உயிரைக் காக்கும் அந்த நல்ல வழக்கம், பந்தயத்தின் கடைசி ஐந்து மீட்டரில் எதிராகத் திரும்புகிறது.

ஆகவே, மல்லாந்து நீந்துவோருக்காகச் சுவருக்கு 5 மீட்டர் முன்னே கட்டியிருக்கும் கொடிகளையே நான் எல்லைக்கோடாக வைத்திருக்கிறேன். கொடியைத் தாண்டிய பின் மூச்செடுக்கத் தலை திரும்பக்கூடாது. கடைசி வீச்சில் தோளைத் திருப்பி, நீருக்குள்ளேயே கையை நீட்டிச் சுவரைக் குத்துவதுபோல் தொட வேண்டும். களைத்த உடலுக்கு இது எளிதில் வராது என்பதால், பயிற்சி முடியும் வேளையில்தான் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறேன்.