பெண்ணையாற்றுக்கு ஒரு சொம்பு பால்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் பொங்கல் காணும் பொங்கலோடு முடிவதில்லை. தை ஐந்தாம் தேதி பெண்ணையாற்றில் நடக்கிற ஆற்றுத் திருவிழாவுக்குப் போய், சாமி பார்த்து, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கி வந்து அவித்துத் தின்றால்தான் பொங்கல் முடிந்த கணக்கு. அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றில் இறங்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகூர், சோரியாங்குப்பம் என்று புதுச்சேரி ஜனங்களுக்கும் இதே திருநாள்தான். "அன்னிக்கு ஆறுதான் மூலவர், வந்து எறங்கற சாமிங்க எல்லாம் உற்சவர்" என்று என் மாமியார் சொல்வார்.

இந்தத் தையில் நாங்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அத்தையின் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களுக்குப் புயல் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாலைந்து ஓடு போனது, முருங்கை சாய்ந்தது, அவ்வளவுதான். அடி விழுந்தது அப்புறம்தான். மேற்கே கொட்டிய மழையில், இதே ஆற்றில் மேலே இருக்கிற சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். கர்நாடகத்து நந்திமலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் என்று நடந்து வருகிறவள், கடலில் சேருவதற்கு முன்னால் கடைசியாக மிதித்துவிட்டுப் போவது எங்களைப் போன்ற கரையோரத்துக்காரர்களைத்தான். 2021 கார்த்திகையிலும் வந்தாள். அப்போது எங்கள் மாட்டுக்கொட்டகையோடு திரும்பிவிட்டாள். இந்த முறை அப்படி இல்லை.

இருட்டிய பிறகு தெருவுக்குள் தண்ணீர் வந்தது. மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். பிள்ளைகளை வீட்டுக்காரர் தோளில் ஏற்றிக்கொண்டார். அத்தை மட்டும் வரவில்லை. கொட்டகையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு செவலையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. அரிவாள்மனையைக் கொண்டுவரச் சொல்லி அறுத்தார். கன்றின் கயிற்றையும் அறுத்தார். அப்புறம் அந்தச் செம்மண் தண்ணீரையே ஒரு கை அள்ளி மாட்டின் நெற்றியில் தெளித்து, "தாயே, உங்கிட்டதான் விடறேன். இதுங்க ரெண்டையும் கரையேத்திடு. இதும் பாலையே கொண்டாந்து ஆத்துத் திருநாளுக்கு உனக்கு ஊத்தறேன், புடவை சாத்தறேன்" என்றார். வெள்ளத்திடமே போய், வெள்ளத்திலிருந்து காப்பாற்று என்று கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் வீட்டுக்குள் கணுக்கால் சேறு. நெல் மூட்டை, பாய் படுக்கை, பிள்ளைகளின் புத்தகம், நான் சீட்டு எடுத்து வாங்கின தையல் மிஷின் எல்லாம் போச்சு. பக்கத்தில் எத்தனையோ பேருக்கு ஆடு மாடு போச்சு. செவலையும் கன்றும் கரை ரோட்டு மேட்டில் ஊர் மாடுகளோடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன. கன்றின் காதில் முள் கிழித்த கோடு ஒன்று, அவ்வளவுதான். சேற்றை வாரிக் கொட்டும்போதெல்லாம் நான் ஆற்றைத் திட்டுவேன். அத்தை விட மாட்டார். "சும்மா இருடி. கேட்டதைக் குடுத்துட்டா. ஊட்டைக் கேக்கலையே நானு" என்பார்.

அந்தத் தையிலேயே போயிருக்க வேண்டும். பெரிய மாமனார் தவறிவிட்டதால், வருஷம் திரும்பாமல் நேர்த்திக்கடன் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குள் செவலைக்குப் பால் வற்றிவிட்டது. இதன் பாலையே ஊற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு பாக்கெட் பாலை வாங்கி ஊற்ற முடியுமா? அத்தைக்கு அதுவே கவலை. ஐப்பசியில் செவலை மறுபடி கன்று போட்டாள். கிடாரி. அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தை ஐந்து காலையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் பித்தளைச் சொம்பில் ஊற்றி, வாய்க்கு வாழையிலை வைத்து நூலால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோ ஆல்பேட்டைக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் நடைதான். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பீப்பீ விற்கிறவன், பஞ்சுமிட்டாய், வளையல், இரும்புச் சட்டி, நடுவில் சாமி ஏற்றிய டிராக்டர், அதற்கு வழி விடச் சொல்லி மைக். காலி மனையில் கயிறு கட்டி பைக்குக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சீட்டு கேட்டவரை முறைத்தார்கள். வெயில் ஏற ஏற எனக்குப் பால் மேலேயே கண். திரிந்துவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டுமே. இடிக்கிறவர்களை எல்லாம் அத்தை முழங்கையாலேயே ஒதுக்கிக்கொண்டு போனார். சொம்பிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

கரையில் இறங்கும் இடத்தில் துண்டு போர்த்திய ஒருவர் பிடித்துக்கொண்டார். "நேர்த்திக்கடனா? சங்கல்பம் பண்ணாம ஊத்தினா பலிக்காதும்மா. குடும்பத்துக்கு ஐந்நூறுதான், பேரு நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். அத்தை நிற்கக்கூட இல்லை. "பலிச்சதுக்கு அப்புறந்தாம்பா ஊத்தவே வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மணலில் இறங்கிவிட்டார். அந்த ஆள் அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆறு அன்றைக்கு அடையாளமே தெரியவில்லை. பாதிக்கு மேல் மணல். ஓரமாக ஒதுங்கி, தெளிவாக, சத்தம் போடாமல் ஓடிக்கொண்டிருந்தாள். இவளா அன்றைக்கு என் சமையல்கட்டு வரைக்கும் வந்தவள் என்று இருந்தது. தீர்த்தவாரி நடக்கிற பக்கம் போகாமல், குளிக்கிற கூட்டத்தைத் தாண்டி மேலாகப் போய் அத்தை இறங்கினார். நூலை அவிழ்த்து, இலையை எடுத்து, பாலை முகர்ந்து பார்த்தார். கெடவில்லை. கும்பிடுவார் என்று நான் கையைக் குவித்துக்கொண்டு நிற்கிறேன், அவரோ ஆற்றைப் பார்த்து, "ஏண்டி, அவ்ளோ கோவமா உனக்கு? பச்சைப் புள்ளைங்க இருக்கற ஊட்டுல இப்பிடியா வருவ?" என்று அதட்டினார். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "சரி, உடு. உம்மேல தப்பில்ல. இந்தா, செவலை பாலு. பொண்ணு பொறந்திருக்குது அதுக்கு" என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பால் உடனே கரையவில்லை. வெள்ளைத் துணி போல நீண்டு, அவர் காலைச் சுற்றிக்கொண்டு, அப்புறம் நீரோட்டத்தில் போனது. பொடிமீன்கள் அதன் பின்னாலேயே போயின. அத்தை சொம்பைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டார். என் தலையிலும் விட்டார். ஜில்லென்று முதுகு வரை இறங்கியது.

உம்மேல தப்பில்ல என்றாரே, அதுதான் எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் இந்த ஆற்றுத் தண்ணீர் ஆலைக்கழிவில் நுரை பொங்கிக் கிடப்பதை டிவியில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். இங்கே மணலை அள்ளி அள்ளிப் படுகை முழுக்கப் பள்ளம். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு ஓடுகிறவள் ஒருநாள் வீட்டுக்குள் வந்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆனாலும் என் தையல் மிஷின் வருத்தம் எனக்கு இருக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். மெதுவாக அத்தையிடம் சொன்னேன். "அதை நீதான் கேக்கணும். எனக்கு எதுக்கு மிஷினு?" என்றார். கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

இனிப் புடவை. ஆற்றில் துணி விடக்கூடாது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மஞ்சள் புடவை, சிவப்புக் கரை, பையை விட்டு எடுக்காமல் கையிலேயே பிடித்தபடி நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து தீர்த்தவாரி முடிந்து ஒரு மாரியம்மன் கரையேறினாள். டிராக்டர் மணலில் திணறி, சரியாக எங்கள் முன்னால் வந்து நின்றது. பிள்ளைகள் பின்னால் தள்ளுகிறார்கள், நகரவில்லை. அம்மன் முகத்தில் மஞ்சள் தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. எலுமிச்சை மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேலே இருந்த பூசாரி அத்தை கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "சாத்தவா ஆயா? குடு" என்று குனிந்து வாங்கினார். பையைப் பிரித்து, உதறி, அம்மன் தோளில் சாத்தி, கற்பூரம் காட்டினார். சூட்டை ஒற்றிக்கொள்ள எட்டவில்லை. தட்டைக் கீழே இறக்கிக் காட்டினார். தட்டில் காசு போடச் சொல்லக்கூட இல்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டே அழுதார். நானும்தான். டிராக்டர் எப்போது நகர்ந்தது, எந்த ஊர் அம்மன் என்று யாரையாவது கேட்டோமா, ஒன்றும் தெரியாது. எந்த ஊராக இருந்தால் என்ன, ஆற்றில் முழுகி எழுந்து வந்து எங்கள் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். தாயே, உன் பிள்ளைகள் நாங்கள். மாடு கொடுத்தாய், கன்று கொடுத்தாய், பிள்ளைகளை நனையாமல் கரை சேர்த்தாய். கேட்காததையும் பார்த்துக் கொடு.

கிழங்குக்காரரிடம் அத்தை விலை பேசி அரைக் கிலோ சேர்த்து வாங்கினார். கையில் பிடி மண் ஒட்டின கிழங்கு, நல்ல கிழங்கு.

அடுத்த தைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பாலத்துப் பக்கம் நெருங்க முடியாது. பிள்ளைகளைத் தனியாகத் தண்ணீரில் இறக்காதீர்கள். மணல் எடுத்த பள்ளம் மேலே பார்த்தால் தெரியாது. சொம்பில் பால் கொண்டுபோகிறவர்கள் வாழையிலையை ஈரமாக வைத்துக் கட்டுங்கள், கெடாமல் இருக்கிறது.