சுரங்கப்பாதை ஓரத்தில் இரண்டு செங்கல் தூண்கள்

சென்னைக்கு விமானம் இரவு பத்தரைக்கு. முஸ்தபா கடையில் வாங்க வேண்டியதையெல்லாம் முந்தின நாளே வாங்கி முடித்துவிட்டதால், சிங்கப்பூரில் முழுசாக ஒரு பகல் கையில் மிச்சம் இருந்தது. பிராஸ் பாசா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதையைத் தேடி நடந்தேன். பார்க்கப் போனது அதன் அருகில் நிற்கும் இரண்டு செங்கல் தூண்களை. கார்கள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அந்தத் தூண்களைப் போட்டோ எடுத்தவன் நான் ஒருவன்தான்.

ஸ்டாம்ஃபோர்டு சாலையில் இருந்த பழைய தேசிய நூலகத்தில் மிஞ்சிய வாசல் தூண்கள் அவை. 1960 நவம்பர் 12-ல் அந்த நூலகத்தைத் திறந்தபோது, பக்கத்து வெள்ளை அருங்காட்சியகத்தோடு இந்தச் சிவப்புச் செங்கல் ஒட்டவே இல்லை என்று குறை சொன்னார்கள். சுரங்கப்பாதைக்காக 2004-ல் அதை மூடி இடித்தபோது ஊரே வருத்தப்பட்டது.

அதற்கு முன்பும் ஊரில் நூலகம் இல்லாமல் இல்லை. 1845-ல் பங்கு போட்டு ஒன்று நடத்தினார்கள். கடன் ஏறியதும் 1874-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் என்று ஆனது. 1887-ல் குவிமாடம் வைத்த கட்டடம் வந்தது. வாசிப்பறையில் சும்மா உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகச் சந்தா கட்ட வேண்டும். சரி, கட்டிவிடலாம் என்றாலும், அலமாரியில் இருந்தது பெரும்பாலும் ஆங்கிலம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு அங்கே என்ன வேலை? 1957 கணக்கெடுப்பின்போதுகூட ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். இன்றைக்கு அது 97 சதவீதம்.

நிலைமையை மாற்றியதில் ஒரு ரப்பர் வியாபாரிக்குப் பெரிய பங்கு. சீனாவிலிருந்து சிறுவயதில் வந்து, ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்த லீ கொங் சியான், 1953-ல் 3,75,000 வெள்ளி தர முன்வந்தார். (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை.) பணத்தோடு நிபந்தனையும் வைத்தார்: நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழிப் புத்தகங்களும் இருக்க வேண்டும். பணத்தைவிட நிபந்தனைதான் பெரிய கொடை என்பேன். 1960-ல் திறந்த அந்தச் செங்கல் நூலகத்தில் சீனம், மலாய், தமிழ் எல்லாம் ஆங்கிலத்தோடு ஒரே கூரைக்குக் கீழே வந்தது அதனால்தான்.

அங்கிருந்து விக்டோரியா ஸ்திரீட்டுக்கு நடந்தேன். இப்போதைய நூலகம் பதினாறு மாடி. ஏழு முதல் பதின்மூன்று வரையுள்ள ஆய்வு நூலகத்துக்கு லீ கொங் சியான் பெயர்தான். பதினோராவது மாடியில் மைக்ரோஃபிலிம், அதாவது பழைய பத்திரிகைப் பக்கங்களைச் சிறிதாகப் படம்பிடித்து வைத்த ஃபிலிம் சுருள், பார்க்கும் இயந்திரங்கள். 'சிங்கை நேசன்' சுருளை எடுத்துக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தேன். குவிமாடக் கட்டடம் எழுந்த அதே 1887-ல், அதே ஊரில், மகுதூம் சாயபு தொடங்கிய தமிழ் வாரப் பத்திரிகை அது.

மாட்டினால் எழுத்தெல்லாம் தலைகீழ். குமிழைத் திருகினேன், வேகமாகத் தலைகீழாக ஓடியது. பக்கத்து இயந்திரத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

"சுருளைத் திருப்பிப் போடுங்க தம்பி."

அவரே மாட்டியும் கொடுத்தார். திரையில் தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'யும் 'னை'யும் வரிசையாக வந்தன. ஒரு பத்திக்குப் பத்து நிமிடம் ஆனது எனக்கு. பெரியவர் எட்டிப் பார்த்துக் கடகடவென்று வாசித்தார். இந்த எழுத்தில்தானே அவர் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்.

தூண்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றினார். "பரீட்சைக்கு அங்கதான் படிச்சேன். வீட்ல ஒரே ரூம்பு, ஏழு பேரு. நூலகத்துல ஒரு நாற்காலி முழுசா எனக்கு."

"தமிழ்ப் புத்தகம் இருந்துச்சா ஐயா?"

"இருந்துச்சு. நல்லதெல்லாம் எப்பவும் வெளியில போயிருக்கும். திரும்பி வர்ற வண்டியிலேயே போய்ப் பார்ப்போம், எவனாச்சும் கொண்டாந்து போட்டிருக்கானான்னு." வண்டி என்றது, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி வைக்கும் தள்ளுவண்டியை.

மணி ஐந்தரை. ஒரு பத்தியைக் கையால் எழுதிக்கொண்டேன், சுருளை ஒழுங்காகச் சுற்றத் தெரியாமல் பாதியில் விட்டேன். அவரே சுற்றி, டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி என்னிடம் நீட்டினார். "வண்டியில வெச்சிட்டுப் போங்க. அடுத்தவன் பார்ப்பான்."