எங்கள் கொல்லை மாதுளையில் 11 பிஞ்சுகள்!

நான்கு வருடமாகப் பூத்துப் பூத்துக் கொட்டிய மரம் இது. மார்கழியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். அடியில் கிளம்பிய போத்துகளை (பக்கத் தளிர்களை) மண்ணோடு அறுத்து, நான்கு தண்டுகளை மட்டும் விட்டேன். போன பருவத்துக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். முதிர்ந்த கிளைகளின் குட்டைச் சிம்புகளை, அதாவது சிறு கிளைகளைத் தொடவில்லை. காய் பிடிப்பது அங்கேதான்.

பூவைக் கையில் ஏந்திப் பாருங்கள். அடி குறுகி மணி போலிருந்தால் ஆண்பூ, உதிர்ந்துவிடும். அதற்காக வருந்தவே வேண்டாம். அடி பருத்துக் குடம் போலிருந்தால்தான் காயாகும்.

இனித் தண்ணீர்தான் கவலை. காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடித்துவிடும். போன ஆடியில் கிடைத்த ஒரே பழத்தையும் புழு குடைந்துவிட்டது. இந்தமுறை ஒவ்வொரு பிஞ்சுக்கும் அப்பாவின் பழைய வேட்டியில் பை தைத்துக்கொண்டிருக்கிறேன்.