"வயசானா மறக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டால்

அம்மாவுக்கு மாதாமாதம் சுகர், பிரஷர் பார்க்கிறோம். அளவு சரியாக இருந்தால் அதே மாத்திரை, அடுத்த டோக்கன். ரப்பர் ஷீட் விற்கிற கணக்கை மனசிலேயே போடுகிறவர், கடைக்காரர் கொடுத்த பணத்தை எண்ணாமல் வாங்கி வந்ததைச் சொன்னேன். "எண்பது தாண்டியாச்சு, மறக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர். எழுதிக்கொண்டிருந்த தலை நிமிரவில்லை.

அடுத்த முறை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். வெறுமனே "மறதி" என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. "காலை சுகர் மாத்திரையை ரெண்டு தடவை போட்டுவிட்டார்" என்று தேதியோடு இருந்தால் வேலை நடக்கிறது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கிடைத்தது.

அங்கேதான் கூத்து. டோக்கன் கூப்பிடும் இரைச்சலுக்கு நடுவே, வராந்தாவில் வைத்தே ஞாபகசக்தி டெஸ்ட். தமிழில் அச்சடித்த தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார்கள். அம்மா படித்தது திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில். 1956-ல் நம்ம ஊர் தமிழ்நாட்டோடு சேரும்போது படிப்பையே நிறுத்தியிருந்தார். பேச்செல்லாம் தமிழ்தான், வாசிக்கத்தான் வராது. அதைச் சொல்லியும் கேட்கவில்லை. 30-க்கு 16 மார்க், டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "எனக்கென்ன கிறுக்கா மக்கா?" என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

விடவில்லை. வேறொரு இடத்தில், கதவைச் சாத்திய அறையில், மலையாளம் தெரிந்த சைக்காலஜிஸ்ட் பொறுமையாகக் கேட்டார். 23 வந்தது. கடிகாரம் வரைந்ததில் எண்கள் சரி. பதினொன்று பத்துக்கு முள் வைக்கத்தான் தடுமாறினார். ஆக, பிரச்சினை இருக்கிறது, ஆனால் அவர்கள் எழுதிய அளவுக்கு இல்லை.

ஸ்கேன், தைராய்டு எல்லாம் நார்மல். வைட்டமின் பி12 மட்டும் அடிமட்டத்தில். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாமாம். மாதம் தவறாமல் ரத்தம் எடுத்தவர்கள் ஒருவருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை! அரிப்புக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்ட ஏவில் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள். வயதானவர்களுக்கு அது மூளையை மந்தமாக்குமாம். அதனால் சீட்டில் இருப்பதை மட்டுமல்ல, வீட்டில் கிடக்கிற எல்லா மாத்திரையையும் பையில் அள்ளிக்கொண்டு போங்கள். கண்ணாடி, காது மெஷினும் கூடவே.

இப்போது பி12 ஊசி போகிறது. அம்மா கொஞ்சம் சுறுசுறுப்பாகியிருக்கிறார், ஷீட் கணக்கு இன்னும் பழையபடி வரவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விடைத்தாள் வேண்டும். "அதெல்லாம் பேஷண்ட் கையில் தரமாட்டோம்" என்றார்கள் கவுண்டரில். சைக்காலஜிஸ்டிடமே கேட்டு, போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.