18-க்கும் 22-க்கும் நடுவே ஒரு குடும்பம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கிறது. தெர்மோஸ்டாட். வீடு எத்தனை டிகிரி சூட்டில் இருக்கவேண்டும் என்று ஹீட்டருக்கு உத்தரவு போடும் பெட்டி. உள்ளங்கை அளவுதான். கோடையில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நவம்பர் பிறந்துவிட்டால் போதும், வீட்டில் அதற்குத்தான் அரசாட்சி. ஏப்ரல் வரை அதைச் சுற்றித்தான் சண்டை, சமாதானம், சதி, துரோகம் எல்லாம்.

நான் 18 டிகிரிக் கட்சி. மனைவி 22 டிகிரிக் கட்சி. மகனுக்குப் பன்னிரண்டு வயது. யார் கைபேசியைக் கையில் கொடுக்கிறார்களோ அவர்கள் கட்சி. அத்தை, அதாவது மாமியார், எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஒரு கம்பளி என்று சகல மரியாதைகளோடும் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்து குளிர்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் கம்பளியை இன்னும் ஒரு சுற்று இழுத்துச் சுற்றிக்கொள்வார். அவ்வளவுதான். பேச்சைவிட அதுதான் அதிகம் வலிக்கும்.

எங்கள் கட்சியின் கொள்கை எளிமையானது. குளிர்காலம் என்றால் குளிரத்தான் செய்யும். வீட்டுக்குள்ளே பனியனோடு உலவுவேன் என்று அடம்பிடித்தால் பில் வரும்போது எனக்குத்தான் வியர்க்கும். இந்தக் கொள்கை விளக்கக் கூட்டத்தை வருடா வருடம் நடத்துகிறேன். கூட்டத்துக்கு வருவது பூனை மட்டும்தான். பூனை வசதியாக உணர்வதற்கே 30 முதல் 38 டிகிரி வரை வேண்டுமாம். என் கட்சி ஆட்சிக்கு வந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். பேசி முடிப்பதற்குள் எழுந்து போய்ச் சூடான காற்று வரும் துவாரத்தின் மேல் படுத்துவிடும். அது படுத்தால் அந்த அறைக்கு வெப்பம் இல்லை.

மனைவியிடம் ஒரு பழக்கம். வெளியே போய்விட்டு விறைத்துப்போய் வந்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய்ப் பெட்டியில் 28 வைப்பாள். "28 வச்சா சீக்கிரம் சூடாயிடாது. 22 வச்சாலும் அந்த ஹீட்டர் அதே வேகத்துலதான் ஓடும். எங்க நிறுத்தணும்னுதான் அந்த நம்பர்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். லிஃப்ட் பட்டனைப் பத்து தடவை அமுக்கினால் லிஃப்ட் பறந்து வருமா என்று உதாரணமும் காட்டினேன்.

"நீங்க அமுக்குவீங்கதானே?"

அமுக்குவேன்தான்.

பகலில் ஜெயிக்க முடியாததால் ராத்திரியில் கெரில்லா முறைக்கு மாறினேன். எல்லோரும் தூங்கியதும் காலுறையோடு கம்பளத்தின் மேல் பூனை நடை நடந்து போய், 22-ஐ 18 ஆக்கிவிட்டு வந்து படுப்பது. நல்ல திட்டம். அதில் ஒரே ஒரு ஓட்டை, இயற்பியல். வெளியே −10 டிகிரியில் இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம் நீராவியைத்தான் தாங்கும். அதையே உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதால் 17 கிராம் தாங்க முடியும். ஆனால் இருப்பதென்னவோ அதே இரண்டு கிராம்தான். அதனால் வீட்டுக் காற்று பாலைவனம்போல வறண்டுவிடுகிறது. உதடு வெடிக்கிறது, மூக்கு காய்கிறது, அதோடு கம்பளத்தில் காலுறையைத் தேய்த்து நடக்கிறவன் உடம்பில் சில ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஏறிவிடுகிறது. ஆளைக் கொல்லாது. ஒரு கணம்தான், துளியூண்டு மின்னோட்டம்தான். ஆனால் இருட்டில் விரலுக்கும் தெர்மோஸ்டாட் திருகுக்கும் நடுவில் 'சடக்'கென்று நீலப் பொறி பறக்கும்போது, "ஐயோ அம்மா" என்று கத்தாமலிருக்க எவனாலும் முடியாது.

படுக்கையறையிலிருந்து தூக்கக் குரலில் கேள்வி வரும்: "18-ஆ, 19-ஆ?"

காலையில் பார்த்தால் மறுபடி 22 இருக்கும். யார் மாற்றினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒருநாள் அத்தை மட்டும் கூரையைப் பார்த்து, "மழையில நடுங்குதேன்னு பேகன் ஒரு மயிலுக்கே போர்வை போர்த்தினானாம். அவன் வீட்டு மாமியாருக்கு எத்தனை டிகிரி வச்சிருப்பானோ" என்றார். அன்று முழுக்க 21-இல் விட்டுவைத்தேன்.

டிசம்பர் எப்படியோ ஓடிவிடும். ஜனவரிதான் ஆளை அடிக்கிறது. டிசம்பர் 21-ஐத் தாண்டினால் பகல் நீள ஆரம்பித்துவிடும், இனிமேல் நல்ல காலம்தான் என்று வருடா வருடம் ஏமாறுகிறேன். பகல் நீளும், குளிரும் கூடவே நீளும். நிலமும் கடலும் வாங்குகிற சூட்டைவிட இழக்கிற சூடு அதிகமாக இருக்கும் வரை குளிர் ஏறிக்கொண்டேதான் போகும். அந்தக் கணக்கு நேராக இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். இதை நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் மகன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அப்பா, ஜனவரி ஆரம்பத்துலதான் பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கும். 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைலதான் 15.2 கோடி."

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "கிட்ட இருக்கறப்பவா இந்தக் குளிரு?"

"தூரம் முக்கியமில்ல பாட்டி. நம்ம பாதி பூமி இப்ப சூரியனுக்கு அந்தப் பக்கமா சாஞ்சிருக்கு. இருபத்தி மூன்றரை டிகிரி."

மனைவி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கிட்டவே இருந்து என்ன பிரயோஜனம், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தா?" என்றாள். விண்வெளி பற்றித்தான் பேசினாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வதுதான் வசதி.

என் பங்குக்கு நானும் ஏதாவது சொல்லவேண்டுமே என்று செல்சியஸ் கதையை எடுத்துவிட்டேன். 1742-இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் முதலில் போட்ட அளவுகோலில் தண்ணீர் கொதிப்பதுதான் 0, உறைவது 100. பிறகுதான் மற்றவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். அவர் போட்டபடியே விட்டிருந்தால் இன்றைக்கு வெளியே 118 டிகிரி, கேட்கவே எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது பாருங்கள் என்றேன். "அப்ப நம்ம வீட்டுல 78 வைங்க" என்றாள். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக 22.

இதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பனி கொட்டியது. இரண்டு நாள், நிற்காமல். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை. புதுப் பனியின் இண்டு இடுக்கில் நிற்கும் காற்று சத்தத்தை விழுங்கிவிடும். தெருவே பஞ்சு வைத்து அடைத்த காதுபோலக் கிடந்தது. அழகுதான். அள்ளுகிறவனுக்கு அழகு ஐந்து நிமிடம்.

வேலையில் இறங்கினால் நான் முழுசாகச் செய்கிறவன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாதையின் இருபுறமும் அள்ளி எறிந்துகொண்டிருக்க, நான் மட்டும் ஒழுங்காக, ஒவ்வொரு வாரலையும் வீட்டின் பக்கவாட்டுச் சுவரோரம் யாரும் நடமாடாத மூலைக்குச் சுமந்து போய்க் கொட்டினேன். இரண்டரை மணி நேரம். முடித்து நிமிர்ந்தால் என் தோளுயரத்துக்கு ஒரு கோபுரம். உச்சியில் கையால் தட்டித் தட்டிக் கலசம்போல ஒன்று வைத்தேன். இடுப்பு போய்விட்டது, ஆனால் பெருமிதம் தாங்கவில்லை. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். மைத்துனர் கைதட்டல் அனுப்பினார்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, குறைச்சீங்களா?"

"நான் கையே வைக்கல."

"பொய் சொல்லாதீங்க. கால் ஜில்லுனு இருக்கு."

போய்ப் பார்த்தேன். வைத்திருப்பது 22, இருப்பது 17. ஹீட்டர் சத்தமில்லை. அதற்குள் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன். தட்டிப் பார்த்தேன். வீட்டில் எது கெட்டாலும் நான் செய்யத் தெரிந்தவை இந்த இரண்டும்தான். கொஞ்ச நேரத்தில் 16. சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் முதல்முறையாக வீடு என் கட்சியையும் தாண்டி இடதுபக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கே குளிரியது. 15-ஐத் தொட்டதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பெட்டியில் 28 வைத்தேன்.

"லிஃப்ட் வந்துடுச்சா?" என்று பின்னாலிருந்து குரல்.

பழுது பார்க்கிறவருக்குப் போன் செய்தால், ஊரெல்லாம் இதே கதை, காலை பத்து மணிக்குத்தான் வர முடியும் என்றார்கள். குழாயில் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருத்துக் குழாயையே பிளந்துவிடும், அதனால் எல்லாக் குழாய்களையும் நூலிழையாக ஒழுக விடுங்கள் என்று யோசனையும் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கக் 'குழாயை இறுக்கி மூடு' என்று மகனைத் திட்டியவன், அன்று வீடு முழுக்கச் சுற்றி வந்து குழாய் குழாயாகத் திறந்து வைத்தேன். அவன் பின்னாலேயே வந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்புறம் எல்லோரும் ஒரே அறைக்குக் குடிபெயர்ந்தோம். இருப்பதிலேயே சின்ன அறை. வாசல் இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்து, மெத்தைகளைத் தரையில் போட்டு, இருந்த கம்பளி, ஜமக்காளம், கோட்டு எல்லாவற்றையும் குவித்தோம். மகன் கணக்குப் போட்டான். சும்மா இருக்கிற மனித உடம்பு ஒன்று சுமார் 100 வாட் வெப்பம் விடும். நாலு பேர், 400. "ஒரு சின்ன ஹீட்டர்ல கால்வாசி. பாட்டி போட்டிருக்கறதைக் கழட்டினா இன்னும் கொஞ்சம் வெளிய வரும்."

"என் சூடு எனக்கே இருக்கட்டும்" என்றார் அத்தை.

ஓரத்தில் படுத்தவருக்குத்தான் குளிர் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஓரத்தில் நான். பெங்குவின் கூட்டத்தில் ஓரத்தில் நிற்பவை மெல்ல நடுவுக்கு நகர்ந்து, நடுவில் இருந்தவை வெளியே வரும், ஆகவே ஒரு மணிக்கொருதரம் இடம் மாறலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மகன் கூடுதல் தகவல் கொடுத்தான்: பேரரசப் பெங்குவினில் அப்பாதான் இரண்டு மாதத்துக்கும் மேலே, ஒன்றும் சாப்பிடாமல், முட்டையைக் காலின் மேல் வைத்து அடைகாக்கும், அம்மா அப்போது கடலுக்குப் போயிருக்கும். இருட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"நல்ல குடும்பம்" என்றார் அத்தை.

தீர்மானம் தோற்றது. நான் ஓரத்திலேயே கிடந்தேன். நடுச்சாமத்தில் பூனை மட்டும் என் கழுத்தடியில் புகுந்துகொண்டது. கட்சி மாறிவிட்டதோ என்று நெகிழ்ந்துபோனேன். 37 டிகிரியைத் தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விடியும்போது கூடத்தில் 11 டிகிரி. பத்தரைக்கு ஆள் வந்தார். ஹீட்டரைத் திறந்தார், கண்சிமிட்டும் விளக்கை எண்ணினார், மூடினார். வெளியே ஒரு தரம் பார்க்கலாமா என்றார். வீட்டைச் சுற்றி அவர் முன்னால் போக, நான் பின்னால். பக்கவாட்டுச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டார். கோபுரத்தைக் கீழிருந்து மேலே பார்த்தார். கலசத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. என் கையிலிருந்து மண்வாரியை வாங்கி நான்கு வாரல் வாரினார். உள்ளே இரண்டு வெள்ளைக் குழாய்கள். ஹீட்டர் மூச்சு இழுப்பது ஒன்றில், புகை விடுவது மற்றொன்றில். இரண்டையும் நான் பொறுப்பாக மூடி, தட்டி, கெட்டிப்படுத்தியிருக்கிறேன். அடைப்பு என்று தெரிந்ததும் ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதாம். நிறுத்தாமலிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள்ளேயே வந்திருக்கும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றார். அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று பட்டனை அமுக்கிச் சோதித்துவிட்டுத்தான் கிளம்பினார். அந்தச் சத்தத்தில் பூனை அலமாரி மேலே ஏறியது, மதியம்வரை இறங்கவில்லை.

ஹீட்டர் 'கும்' என்று மூச்சுவிட்டு ஓட ஆரம்பித்தது. மனைவி நிதானமாக நடந்து போய்ப் பெட்டியில் 23 வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரி என்றேன். குடும்பக் குழுவில் போட்ட படத்துக்குக் கீழே மகன் இரண்டு வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, 'குழாய் இங்கே' என்று எழுதி மறுபடி போட்டிருந்தான். மைத்துனர் அதற்கும் கைதட்டல் அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் மறுபடி பனி விழ ஆரம்பித்தது. குல்லாயை மாட்டி, மண்வாரியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பின்னாலிருந்து, கம்பளிக்குள்ளிருந்து, மிகுந்த மரியாதையோடு ஒரு குரல்:

"மாப்பிள்ளை, இந்தத் தடவை கும்பாபிஷேகம் எந்தப் பக்கம்?"